மஸ்கெலியா வழி

மலைவழிச் செலவைப் பொருளாகக் கொண்டு தமிழில் எழுந்த நூல்களுள் முதலிடம் பெறுவது மலைபடுகடாம். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய இஃது 583 அடிகளை உடையது. நன்னன்பாற் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட வறிய கூத்தர் கூட்டத்துக்கு வழி கூறுவதாக அமைந்தமையின் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். மலையின் வனப்பும் அருவியின் ஒலியும் இப்பாட்டில் மிகுதியும் உண்டு. ஆயினும், வழிநடந்து பழகிய ஒருவன் இனி நடக்கவிருக்கும் ஒருவனுக்குச் சொல்ல வேண்டுவன எவையோ அவற்றையே கூத்தன் முதன்மையாகச் சொல்கின்றான். பாறை வழுக்குமிடம் எது, பன்றிக்கு வைத்த பொறி மறைந்திருக்குமிடம் எது, இரவிலே தங்கத்தக்க இடம் எது, வந்தாரை வரவேற்று உணவளிக்கும் குடியிருப்பு எது என்பன அவை.

இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பற்றி எழுதுவோருட் பெரும்பாலார் இம்முறையைக் கைக்கொண்டாரல்லர். பனிமூட்டத்தையும் பசுமையையும் அருவிகளையும் புனைந்துரைத்து, கொழுந்து கொய்யும் பெண்ணொருத்தியை அப்புனைவின் ஓரத்தில் நிறுத்தி அமைவர். வழியைப் பற்றிய செய்தி அவர்தம் எழுத்தில் அருமை. அந்நாட்டை அறிய விரும்புவார்க்கு இஃது ஒரு பெருங்குறையாகும். சமவெளியில் ஊர்கள் முன்னே தோன்ற, அவற்றை இணைத்து வழி பின்னே தோன்றுதல் இயல்பு. தேயிலை மலைகளிலோ வழி முன்னே வெட்டப்பட்டது. அவ்வழியிற் சுமை இறங்கிய இடங்களும், ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குச் சுமை மாறிய இடங்களும் பின்னர் ஊர்களாயின. அவ்வழிகளில் யார் நடக்கலாம், யார் நடத்தலாகாது என்பதும் நெடுங்காலம் சட்டத்தாலும் வழக்கத்தாலும் வரையறுக்கப்பட்டிருந்தது. அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் அதற்கப்பால் நல்லதண்ணிக்கும் செல்லும் சிறு வழியை இந்நோக்கோடு ஆராயின் மலையக வரலாற்றிற் பெரும்பகுதி அவ்வழியோரத்திலேயே கிடைக்கும்.

இமயத்தைக் கண்டு வந்தார்க்கு இலங்கை மலைகள் குன்றுகளாகவே தோன்றும். டார்ஜிலிங் மலைப் புகையிரதப் பாதையிலுள்ள கூம் நிலையம் 7,407 அடி உயரத்தில் அமைந்துள்ளது. சிவனொளிபாத மலையின் உச்சியோ 7,359 அடி. அங்கே பிரயாணி மூட்டையை இறக்கி வைக்கும் மேடை, இங்கே பல சமயத்தாரும் அண்ணாந்து நோக்கும் சிகரத்தினும் சற்று உயர்ந்தது. ஆயினும் உயரம் ஒன்று நீங்க, இரு நாட்டு மலையூர்களுக்கும் ஒற்றுமை பலவுண்டு. கார்வாலிற் பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் கால்நடையாகச் சென்ற யாத்திரிகர் இளைப்பாறிய இடங்கள் சட்டிகள் எனப்பட்டன. அவை யாத்திரையால் வளர்ந்த குடியிருப்புகள். டார்ஜிலிங்கைச் சூழ்ந்த ஊர்களோ தேயிலையாலும், வெப்பந் தாங்காத வெள்ளையர் நாடிய ஓய்விடங்களாலும் வளர்ந்தவை. இமயத்தில் இவ்விரு வகை ஊர்களும் வெவ்வேறு திசைகளிற் கிடக்கின்றன. மஸ்கெலியா வழியிலோ இரண்டும் பன்னிரண்டு மைல் அளவிலே ஒன்றன்மேலொன்றாகப் படிந்து கிடக்கின்றன.

இவற்றுள் முற்பட்டது யாத்திரை வழி. சைவர் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும், இஸ்லாமியர் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் இம்மலை மணிமேகலையிலே சமனொளி என்னும் பெயரால் இடம்பெறுகின்றது. முதலாம் விஜயபாகு மன்னன் (கி.பி. 1055–1110) இம்மலைக்கு வரும் யாத்திரிகரின் உணவுக்காகக் கிலீமலை என்னும் ஊரை அளித்தான் என்று மகாவமிசம் கூறும். நாவலப்பிட்டிக்கு அணித்தாயுள்ள அம்பகமுவையில் அவன் பொறித்த கல்வெட்டும் இம்மலைக்குச் செய்த கொடைகளை விரிக்கின்றது. அக்கல்வெட்டிலே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாழ்ந்த சாதியினர் எனப்பட்டோர் நின்று வணங்குவதற்காகப் பாதச் சுவட்டுக்குக் கீழே தனியாக ஒரு தளம் அமைக்கப்பட்டது என்பதே அது. மலைவழியில் யார் எதுவரை ஏறலாம் என்னும் வரையறையைத் தேயிலைத் துரைமாரே முதன்முதல் வகுத்தனர் என்று கொள்வார் இதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இம்மலையோடு பழைய உறவொன்று உண்டு. 1344 ஆம் ஆண்டிலே மொறொக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபின் பதூதா புத்தளப் பக்கத்திற் கரையிறங்கியபோது, அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி. ஆதம் மலையைக் காண வேண்டும் என்பது ஒன்றே தம் விருப்பமென அவர் கூற, மன்னன் பல்லக்கொன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தாருட் பதின்மரையும், உணவுப் பொருள் சுமப்பார் பதினைவரையும் உடன் அனுப்பினான். வழியறிந்த யோகியர் துணையாக ஓர் இஸ்லாமியர் மலையேறிய இச்செய்தி, ஆற்றுப்படை மரபு நூலளவில் நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகின்றது. பாவா வழி, மாமா வழி என இரு வழிகள் உண்டெனவும், முன்னது கடினமானது எனவும், செங்குத்தான பாறைகளிற் பற்றியேறச் சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருந்தன எனவும் அவர் எழுதி வைத்தார். சங்கிலிகள் பத்து என்று எண்ணியும் சொல்கின்றார். வழியை எழுதுதல் என்றால் இவ்வாறு எழுதுதலே எனலாம்.

இம்மலையடிவாரம் நெடுங்காலம் பெருங்காடாகவே இருந்தது. 1815 இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர், தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்திலே கொழும்பு–கண்டித் தெரு அமைக்கப்பட்டது. படை செல்வதற்கென வெட்டிய அத்தெரு விரைவிலே காப்பி செல்லும் தெருவாயிற்று. 1820 களிலே கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய காப்பிச் செய்கை மலைமேல் மலையாக ஏறியது. உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளும் கட்டளைச் சட்டம் 1840 இற் பிறந்தது. அதன்பின் காடு தோட்டமாவதற்கு வேண்டியிருந்தவை கோடரியும் ஆட்களுமே.

அவ்வாட்கள் வந்த வழி மஸ்கெலியாவிலிருந்து நெடுந்தொலைவிலே தொடங்குவது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். ஆங்கிருந்து வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வழியிற் குடிநீரும் நிழலும் மருந்தும் அரிது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். அவர்களை வழியோரத்திலே விட்டு மற்றையோர் நடந்தனர். மலைபடுகடாத்துக் கூத்தர்க்கு வழியிலிருந்த சிற்றூரெல்லாம் விருந்தளித்தன. இவர்களுக்கோ வழியில் நேர்ந்த ஒவ்வொரு செலவும் கங்காணியின் கணக்கிலே கடனாக ஏறியது. தோட்டத்தை அடைந்து ஒருநாளேனும் வேலை செய்வதற்கு முன்னரே இவர்கள் கடன்காரராயினர். வழிச்செலவு கடனாக மாறும் இவ்வழக்கமே பின்வந்த கட்டுகள் அனைத்துக்கும் வேராயிற்று.

காப்பிக் காலத்து ஆட்கள் பெரும்பாலும் காய் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பினர். 1869 இற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளிலே காப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1867 இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் வாரந்தோறும் கொழுந்து கொய்தல் வேண்டும். ஆகவே ஆட்கள் குடும்பத்தோடு நிலையாகத் தங்க நேர்ந்தது. லயன்கள் எழுந்தன, லயன்களுக்கு அரிசியும் துணியும் விற்கும் கடைகள் எழுந்தன, கடைகள் நின்ற முச்சந்தி ஊராயிற்று. மலையகச் சிற்றூர்களின் பிறப்பு பெரும்பாலும் இதுவே.

கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை 1867 இற் கண்டியையும் 1874 இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. அதன்மேற் பத்தாண்டுகள் கழித்து, 1884 இல், அட்டனுக்கு வந்தது; மறுவருடம் நானுஓயாவுக்குச் சென்றது. காப்பியை எண்ணித் தொடங்கிய பாதை தேயிலையை ஏற்றிக் கொண்டு திரும்பியது. டார்ஜிலிங்கிலே 1879 தொடக்கம் 1881 வரை பாதை இட்டவர்கள் ஈரடி அகலத் தண்டவாளத்தைத் தேர்ந்து, வளையங்களாலும் முன்பின் ஏற்றங்களாலும் மலையை வென்றனர். இலங்கைப் பொறியியலாளர் ஐந்தரை அடி அகலப் பாதையையே மலையுச்சி வரை கொண்டு சென்றனர். நாவலப்பிட்டிக்கு மேலே 44 அடிக்கு ஓரடி என்னும் ஏற்றத்தில், மிக நெருங்கிய வளைவுகளோடு அது செல்கின்றது. இடையிலுள்ள வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழை மலையில் மோதி முதலிற் கொட்டுமிடம் அதுவாதலின், மண்சரிவு அப்பாதைக்கு ஓயாத பகையாக இருந்து வந்துள்ளது. அட்டனைக் கடந்தவுடன் வரும் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. தோட்டத்து மக்கள் கோச்சி என வழங்கும் இவ்வண்டி, இருளினூடே அச்சுரங்கத்தைக் கடக்குங்காற் பிரயாணிகள் எழுப்பும் கூச்சல் புகழ்பெற்றது.

அட்டன் என்னும் பெயர் ஸ்கொத்லாந்து நாட்டு அபர்டீன் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றின் பெயர். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட இந்நகரம் புகையிரத நிலையத்தாற் பிறந்தது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய மூன்று பள்ளத்தாக்குகளின் தேயிலைப் பெட்டிகளும் மாட்டு வண்டியில் இங்கே வந்து கோச்சியேறின. அரிசி மூட்டைகள் கோச்சியிலிருந்து இறங்கி அவ்வண்டிகளிலேயே திரும்பிச் சென்றன. செட்டிமார் கடைகளும், இஸ்லாமியர் கடைகளும், சிங்கள வணிகர் கடைகளும், மாணிக்கப் பிள்ளையார் கோயிலும் அவ்விறக்கத்தையும் ஏற்றத்தையும் சூழ்ந்து நின்றன. தோட்டச் சம்பள நாளை ஒட்டி நகரத் தெருவில் நடக்க இடமிராது. ஏனைய நாள்களிற் கடைக்காரர் வாசலில் நின்று மழையை நோக்குவர். அடகுக் கடைகள் மாத்திரம் எந்நாளும் குறைவின்றி நடந்தன.

அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு மாட்டு வண்டித் தெரு சென்ற முறை கருதத்தக்கது. நேரே நோக்கின் எதிர்மலையிலுள்ள தோட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். தெருவோ மலையின் மடிப்பு ஒவ்வொன்றிலும் நுழைந்து வெளிவந்து, பல மைல் சுற்றியே அதனை அடையும். சுமையேற்றிய எருது இழுக்கக்கூடிய ஏற்றத்துக்கு மிகாமல் தெரு அமைய வேண்டியிருந்தது ஒரு காரணம். தேயிலைத் தொழிற்சாலைகளைத் தொட்டுச் செல்ல வேண்டியிருந்தது மற்றொரு காரணம். இவ்வகைக் கிளைத் தெருக்கள் பலவற்றின் செலவில் அரசாங்கம் ஒரு பங்கும் தோட்டங்கள் ஒரு பங்கும் ஏற்றன. பங்கு கொடுத்தவர் வாசலுக்குத் தெரு வளைந்து சென்றது வியப்பன்று. கால்நடையாகச் செல்வோர் இத்தெருக்களை வளைவுதோறும் குறுக்கே வெட்டி, தேயிலைச் செடிகளினூடே செங்குத்தாக இறங்கும் குறுக்குப் பாதைகளைத் தாமே மிதித்து அமைத்துக் கொண்டனர். அட்டைக்கடியும் வழுக்கலும் அப்பாதைகளுக்கு உரியவை. நிறைமாதப் பெண்களும் நோயாளரும் அப்பாதைகளிலேயே தோளிற் சுமந்து இறக்கப்பட்டனர்.

டிக்கோயாவைக் கடந்தால் வலப்பக்கமும் இடப்பக்கமும் தோட்டங்களே. வார்லி மலைமேல் 1878 இல் எழுந்த கற்கோயில், துரைமாருடைய வழிபாட்டுக்கும் அடக்கத்துக்கும் உரியதாக இருந்தது. நோர்வூட் சந்தியில் ஒரு கிளை பொகவந்தலாவைக்குப் பிரிகின்றது. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞராகிய ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் 1879 இல் இப்பகுதித் தோட்டமொன்றில் மறைந்து, பொகவந்தலாவை மரியாள் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அறிஞர் பலரின் முகங்களை உலகறியச் செய்த அவர், இலங்கையில் வாழ்ந்த இறுதிக் காலத்திலே தோட்டத்து மக்களையும் நாட்டுப்புறத்தாரையும் படம் பிடித்தார். பெயர் குறிக்கப்படாத அம்முகங்களிற் சில இன்றும் காட்சிச்சாலைகளில் உள்ளன.

மஸ்கெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்களைக் கேட்பார் ஸ்கொத்லாந்தின் படத்தை விரித்தது போன்ற உணர்ச்சி பெறுவர். ஸ்ட்ராத்ஸ்பே, கிளென்டில்ட், மொரே, டீசைட் என்பன அவற்றுட் சில. வந்தவர் தம் ஊரின் பெயரை இட்டுச் சென்றனர். சாமிமலை, நல்லதண்ணி என்னும் தமிழ்ப் பெயர்கள் இவற்றினிடையே நிலைத்து நின்றன. ஆங்கிலேயர் டல்ஹவுசி என எழுதிய இடத்துக்கு, அங்கே ஓடும் ஓடையின் இனிமையறிந்து தோட்டத்து மக்கள் இட்ட பெயரே இன்று பேருந்துகளின் நெற்றியிற் காணப்படுகின்றது.

பெருந்தெரு பொதுவானது, அதிலிருந்து பிரிந்து லயனுக்குச் செல்லும் பாதையோ தோட்டத்துக்கு உரியது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. துரையின் அனுமதியின்றித் தோட்டத்துட் புகுவார் அத்துமீறிப் புகுந்தவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படலாம். உறவினரைக் காணச் செல்வாரும் ஆசிரியரும் தொழிற்சங்கத்தாரும் இதற்கு விலக்கல்லர். உள்ளிருப்பவர் வெளியேறுவதும் எளிதன்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல, கடன் இன்னதென்று எழுதிய துண்டு வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தாலன்றித் தொழிலாளி நகர முடியாது. இம்முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்திலிருந்து புறப்படுவோருக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. அவ்வில்லையைக் காட்டினாற் கோச்சியும் உணவும் கிடைக்கும், சேருமிடம் தவறாது. பொருட்பெட்டியில் முகவரி எழுதி அனுப்பும் முறையே மனிதருக்கும் கையாளப்பட்டது எனல் மிகையன்று.

இவ்வேலியைக் கடந்து சென்றாருள் கோ. நடேசய்யர் குறிப்பிடத்தக்கவர். தஞ்சாவூரிலிருந்து வந்த அவர், தோட்ட மக்களின் நிலையை நேரிற் கண்டறிய விரும்பித் துணி விற்பவராக வேடம் பூண்டு லயன்களுக்குட் புகுந்தார். துணி மூட்டையோடு வருவோரைக் காவற்காரர் தடுப்பதில்லை. தாம் கண்டதை எழுதினார். பின்னர் தொழிற்சங்கம் அமைத்தார். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அதே தொகுதியிலிருந்து 1931 இல் பெரி. சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகி அமைச்சராக விளங்கினார். 1947 இல் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த ஜீ. ஆர். மோதாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருடம் பிறந்த பிரசாவுரிமைச் சட்டம் இவ்வாக்காளர் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. வழி பற்றிய உரிமை வாக்குரிமையோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா; வாக்கில்லாத லயன் பாதைக்குக் கல் பாவ முன்வருவார் இலர்.

இதன் எச்சம் அண்மைக்காலம் வரை நின்றது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்து அமைத்த சபையே அவர்கள் நடக்கும் பாதையைத் திருத்த இயலாத நிலை 2018 இல் அப்பிரிவு திருத்தப்படும் வரை நீடித்தது. மஸ்கெலியாவும் நோர்வூட்டும் தமக்கெனத் தனிப் பிரதேச சபை பெற்றதும் அவ்வாண்டிலேயே.

இனி மஸ்கெலியா ஊர். இவ்வூரைக் காண்பார் முதலில் அறிய வேண்டியது, இப்போது காணப்படுவது பழைய மஸ்கெலியா அன்று என்பதே. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கை ஆகின்றன. இவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் எனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவருடைய திட்டம் தொடங்கியும் தடைப்பட்டும் கிடந்து, 1950 இலேதான் முதற் பயன் தந்தது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965 இலும், மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் 1969 இலும் நிறைவுற்றன. இரண்டாவது நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா அமிழ்ந்தது. கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் தெருக்களும் நீருள் மறைய, மேட்டு நிலத்திற் புதிய ஊர் அமைந்தது. கோடை நீண்டு நீர் வற்றும் ஆண்டுகளிற் பழைய கோயிலின் எச்சமும் பள்ளிவாசலின் சுவரும் விகாரையின் பகுதியும் சேற்றினின்றும் எழுந்து நிற்கும். அவற்றைக் காணச் சனங்கள் பழைய தெருவின் மீதே நடந்து செல்வர். தாத்தாவின் கடை இங்கே நின்றது, திருவிழாத் தேர் இவ்வளவிலே திரும்பியது எனக் காட்டுவார் இன்னும் உளர்.

இலங்கையின் பல நகரங்களுக்கு ஒளி கொடுத்த இப்பள்ளத்தாக்கிலே, லயன் அறைகள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அணைக்கட்டின் விளக்கு வரிசையை எதிர்மலை லயனிலிருந்து பார்த்துக் கொண்டே பிள்ளைகள் குப்பி விளக்கிற் படித்தனர். பொருளாதார நூலார் இதனை எவ்வாறு கணக்கிடுவர் என்பது வேறு.

நீர்த்தேக்கத்தின் வடக்கே நோர்ட்டன் பக்கமாக நிற்பது ஏழு கன்னியர் மலை. 1974 திசெம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனீசியாவிலிருந்து மக்கா நோக்கிச் சென்ற யாத்திரிகரை ஏற்றிய விமானம் இம்மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மழையிலும் இருளிலும் குறுக்குப் பாதை வழியே முதலில் அவ்விடம் ஏறியவர்கள் அயற்புறத்துத் தோட்டத்தாரும் ஊராருமே. ஒரு புனித யாத்திரைக்குப் புறப்பட்டவர்கள் மற்றொரு புனித மலையின் நிழலில் முடிந்தனர்.

நல்லதண்ணியிற் பேருந்து நிற்கும். அதற்கப்பால் எவர்க்கும் கால்நடையே. மார்கழிப் பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரை யாத்திரைப் பருவம். அப்பருவத்தில் இரவு முழுதும் வழிநெடுக விளக்கெரியும். சீதகங்குலையிற் குளிர்நீராடி, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளேறி, விடியுமுன் உச்சியை அடைந்தோர் ஞாயிறு எழுங்கால் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழுவதைக் காண்பர். தோட்டத்துத் தொழிலாளியும், தென்னிலங்கைக் கமக்காரரும், கொழும்பு உத்தியோகத்தரும், யாழ்ப்பாணத்து ஆசிரியரும் ஒரே படியில் மூச்சு வாங்கி நிற்பது இங்கேதான். முதியவரை இளையவர் கைகொடுத்து ஏற்றுவர். அனுமதிச் சீட்டும் துண்டும் கேட்பார் இலர். பருவம் முடிந்ததும் கடைகள் தகரக் கதவை அடைக்கும். மலை மழைக்கு விடப்படும்.

இவ்வழி ஏறுவதற்கு மட்டும் பயன்பட்டதன்று. 1964 ஒக்ரோபரில் நிறைவேறிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரும் அவர்தம் இயற்கைப் பெருக்கமும் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். 3,00,000 பேரை இலங்கை ஏற்றது. எஞ்சிய 1,50,000 பேரைச் சமபாதியாகப் பிரிப்பது 1974 இல் முடிவாயிற்று. அதன்பின் அட்டன் நிலையத்திலே பிரியாவிடைகள் அன்றாட நிகழ்ச்சியாயின. தாத்தா நடந்து வந்த தூரத்தைப் பேரன் கோச்சியிற் கடந்து, தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கினான். அவருட் பலர்க்கு நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிலே தேயிலை மலையே மீண்டும் கிடைத்தது. அங்கே அவர்கள் சிலோன்காரர் எனப்பட்டனர். அக்கப்பற் போக்குவரத்து 1984 இற் போரினால் நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது.

2023 ஆம் ஆண்டிலே, மலையகத்தார் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமையை நினைவுகூர்ந்து ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28 ஆந் திகதி தலைமன்னாரில் தொடங்கிய அது, முன்னோர் நடந்த வழியைப் பின்பற்றி, பதினாறு நாள் நடந்து ஓகஸ்ற் 12 ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. வழியிலுள்ள ஊர்களில் தமிழரும் சிங்களவரும் இஸ்லாமியரும் அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்தனர். நிலவுரிமையும், வீடும், தனி முகவரியும் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளோடு தொடர்புடையவை. தோட்டத்து மக்களின் கடிதங்கள் நெடுங்காலம் தோட்டக் காரியாலயத்துக்கே வந்தன. லயன் அறைகள் பலவற்றுக்கு எண்ணில்லை. லயனுக்குச் செல்லும் பாதைக்குப் பெயருமில்லை. நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்த பின்னர் மாணவன் கைக்கு வந்து சேர்ந்த கதைகளை மலையகப் பாடசாலை ஆசிரியர் எவரும் கூறுவர்.